மலைநாட்டுக் குழந்தைகளும் உயிர்ச்சத்துக் குறைவும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச்செல்லும் பெருவீதி, இறம்பொடையில் 109 மீற்றர் உயரமுடைய நீர்வீழ்ச்சியை அணைந்து வளைந்து மேலே செல்கின்றது. வீதியின் இரு மருங்கும் தேயிலை. இடையிடையே கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், நோக்கோல் என மரக்கறிகளைக் குவித்து வைத்த சிறு கடைகள். நுவரெலியா மாவட்டம் இலங்கையின் மரக்கறிக் களஞ்சியங்களுள் ஒன்று. இங்கு விளைவன மூடை மூடையாக லொறிகளில் ஏற்றப்பட்டுத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்கிவிடுகின்றன. அவ்வீதியை நோக்கியிருக்கும் லயங்களிலே சிறு பிள்ளைகள் பல வேளைகளில் உண்பதோ கோதுமைமா ரொட்டியும் சீனியிட்ட தேநீருமாகும்.

2016ஆம் ஆண்டு நடைபெற்ற குடிசன, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் அத்தொகை நூற்றுக்கு 32 ஆகும். இவ்வளர்ச்சிக் குறைவுக்குக் காரணங்கள் பல. தாயின் மெலிவு, பிறப்பு நிறை, நோய், குடிநீர், வறுமை என அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் உயிர்ச்சத்துக் குறைவு எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத ஒன்று. வயிறு நிரம்பிய பிள்ளையிடத்தும் அது இருக்கலாம். காய் விளையும் மலையிலே காயின் சத்துக் குழந்தைக்கு எட்டாமற் போவது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

உயிர்ச்சத்து என்பது உடலுக்கு மிகச் சிறிய அளவில் வேண்டப்படுவது; ஆயினும் இன்றியமையாதது. மாப்பொருளும் கொழுப்பும் புரதமும் போன்று இது வலுவைத் தருவதில்லை. அவற்றை உடல் பயன்படுத்துவதற்கு வேண்டிய தொழில்களை நடத்துகின்றது. 1912ஆம் ஆண்டு இலண்டனில் ஆராய்ச்சி நிகழ்த்திய போலந்து நாட்டவரான கசிமிர் பங்க் என்பார் இதற்கு ‘விற்றமின்’ எனப் பெயரிட்டார். பெயர் பிறப்பதற்கு முன்னரே பொருள் அறியப்பட்டிருந்தது. யாவாத் தீவிலே, மருத்துவமனையில் எஞ்சிய தீட்டல் அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்ததையும், தவிடு சேர்ந்த அரிசியை உண்டதும் அவை தேறியதையும் எய்க்மான் என்னும் ஒல்லாந்த வைத்தியர் 1890களிற் கண்டார்.

இவ்வரலாற்றிலே தமிழரின் உணவுக்கும் ஓர் இடமுண்டு. அது பலரும் அறியாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலே சீனத் தொழிலாளர் ‘பெரிபெரி’ நோயால் பெருந்தொகையாக மாண்டனர். அதே நாட்டில் அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அத்துணை தீண்டவில்லை. சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1905ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்னும் வைத்தியர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சையரிசியும் மற்றைப் பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முன்னவருட் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். பின்னவரிடத்து அந்நோயால் இறப்பு நேரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பாகத்துட் புகுந்துவிடுவதே இதற்குக் காரணமென்பது பின்னரே விளங்கிற்று. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் புழுங்கலரிசி உண்டவரே. காலப்போக்கிற் சோறு குறைந்து கோதுமைமா பெருகியமை ஓர் உணவு மாற்றம் மாத்திரமன்று, ஒரு காவலின் இழப்புமாகும்.

ஆயினும் சிறு குழந்தைகளைப் பொறுத்தவரையில் எல்லா உயிர்ச்சத்துக்களிலும் முதன்மையாகக் கருதத்தக்கது விற்றமின் ஏ. அதன் குறைவால் முதலிற் கெடுவது மங்கிய ஒளியில் காணும் ஆற்றல். தமிழர் இதனை மாலைக்கண் என்றனர்; குறியையே பெயராக்கிய சொல் அது. நாட்டு வைத்தியர் அதற்கு ஆட்டீரலை உணவாகக் கொடுத்தனர். ஈரலே அச்சத்து உடலிற் சேமிக்கப்படும் இடம் என்பதை அவர் அறியார், பயனை அறிந்திருந்தனர். குறைவு நீடிப்பின் கண்ணின் வெண்பகுதி வறண்டு, சோப்பு நுரை ஒட்டினாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். 1863ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரிலே அநாதைப் பிள்ளைகளிடத்து இவற்றைக் கண்டு விவரித்த வைத்தியரின் பெயரால் இவை ‘பிற்றோ புள்ளிகள்’ எனப்படும். அப்பாற் செல்லின் கருவிழி மென்மையுற்று உருகிப் பார்வை என்றைக்குமாக அழியும்.

இது வறிய நாடுகளுக்கே உரிய நோயென்று கருதுவோர் தென்மார்க்கின் கதையை நோக்கவேண்டும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் அந்நாடு தன் வெண்ணெயைப் பிறநாடுகளுக்கு விற்றுப் பொருளீட்டியது. நாட்டிலுள்ள வறியோர் வெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர நெய்யிற் செய்த மாஜரீனையும் ஆடை நீக்கிய பாலையும் உண்டனர். கொப்பன்கேகன் நகரிலே கண் வறண்டு பார்வை மங்கிய குழந்தைகளின் தொகை ஏறியது. கார்ல் புளொக் என்னும் குழந்தை வைத்தியர் முழுப் பாலும் மீனெண்ணெயும் கொடுத்து அவர்களைத் தேற்றினார். 1917ஆம் ஆண்டின் இறுதியில் வெண்ணெய் ஏற்றுமதி தடைப்பட, அரசாங்கம் அதனைப் பங்கீட்டு முறையில் குறைந்த விலைக்கு மக்களுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டே அந்நோய் மறைந்துவிட்டது. வெண்ணெய் விளைந்த நாட்டிலே அதனை உண்ணாத குழந்தை கண்ணிழந்தது. கரட் விளையும் மலைக்கு இக்கதை மிகவும் அண்மையது.

இலங்கையில் இத்துறையை முதலில் உழுதவருள் லூசியஸ் நிக்கல்ஸ் குறிப்பிடத்தக்கவர். கொழும்புப் பற்றீரிய ஆய்வுநிலையத்தின் தலைவராயிருந்த அவர், பிள்ளைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் தோல் தடித்து முட்கள் போன்று சொரசொரப்பதை ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டு அதற்குத் ‘தேரைத் தோல்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரொன்றை இட்டார். வாய்மூலை வெடித்துப் புண்ணாதலையும் அவர் உடன் கணக்கெடுத்தார். தேரைத் தோலுக்கு விற்றமின் ஏ குறைவே காரணமென்பது அவர் கருத்து. பிற்காலத்து ஆய்வாளர் சில கொழுப்பமிலங்களும் பீ தொகுதி உயிர்ச்சத்துக்களும் அதிற் பங்குடையன என்றனர். மெலிந்து வற்றிய குழந்தையைத் ‘தேரை பட்ட பிள்ளை’ எனத் தமிழ் மக்களும் கூறுவதுண்டு. இரண்டும் ஒன்றல்ல; ஆயினும் ஊட்டமில்லாப் பிள்ளையைக் கண்டபோது நிக்கல்சுக்கும் நாட்டுப்புறக் கிழவிக்கும் ஒரே உயிரி நினைவுக்கு வந்தது வியப்பே. அக்காலத்திலேயே தமிழ்நாட்டின் நீலகிரித் தேயிலை மலைகளிடையே, குன்னூரிலும் உணவாராய்ச்சி நடைபெற்றது. மக்கரிசனும் அவருக்குப் பின் அய்க்ரொயிட்டும் தலைமை தாங்கிய அவ்வாராய்ச்சிசாலை 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. தென்னிந்திய உணவுகளில் எதில் எச்சத்து எவ்வளவு உண்டென்னும் அட்டவணைகள் அங்கிருந்தே பரவின.

நெடுங்காலம் இக்குறைவு கண்ணோயாகவே கருதப்பட்டது. அது உயிர்க்கேடு என்பது 1980களில்தான் ஐயமற வெளிப்பட்டது. கண், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்போர்வைகள் வறண்டு காவலிழக்கும்போது சின்னமுத்தும் வயிற்றோட்டமும் கொடியவாகின்றன. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் அல்பிரட் சொமரும் உடனாய்வாளரும் குழந்தைகளுக்கு விற்றமின் ஏ கொடுத்து 1986ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி இறப்பு நூற்றுக்கு 34 வீதம் குறைந்தது. இதனை நம்பத் தயங்கியோர் பலர். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த லட்சுமி ரகமதுல்லாவும் குழுவினரும் 15,419 குழந்தைகளிடையே ஓராண்டு நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. அங்கு வாரந்தோறும் கொடுக்கப்பட்டது பெருமருந்தன்று, நல்ல உணவில் இயல்பாகக் கிடைக்கக்கூடிய சிற்றளவே. இறப்போ பாதிக்கு மேற் குறைந்தது. அன்றாட உணவிற் சேரவேண்டிய ஒரு சிறு பொருளின் இன்மை எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இலங்கையிலும் 1995-96இல் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நடத்திய அளவீட்டில், பாடசாலைப் பருவமெய்தாத குழந்தைகளுள் நூற்றுக்கு 36 பேரின் இரத்தத்தில் விற்றமின் ஏ குறைந்திருந்தது. 2006இல் அது ஏறத்தாழ 29 ஆயிற்று. கண் குருடாகும் நிலை இங்கு அரிது. மறைந்துநிற்கும் குறைவே மிகுதி.

இனி மலைநாட்டுக்கு வருவோம். தோட்டத்தைக் கிராமமென்று எண்ணுவதிலேயே பிழை தொடங்குகின்றது. பச்சைமலையும் அருவியும் பார்ப்போர் கண்ணுக்குக் கிராமமாகத் தோன்றினும், உணவு வகையில் தோட்டம் நகரத்தையே ஒத்தது. கிராமத்தானுக்குச் சிறிதளவேனும் வளவு உண்டு. பலாவும் தென்னையும் வள்ளிக்கிழங்கும் கீரையும் காசின்றிக் கிடைக்கும். லயத்தில் வாழ்பவனுக்குத் தேயிலைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட ஒரு கீற்று நிலமே உண்டு. அதுவும் அவனுக்கு உரித்தன்று. அவன் கூலி வாங்குகின்றான், கடையில் உணவு வாங்குகின்றான். விலையேறும்போது நகரத்து ஏழை எவ்வாறு பட்டினி கிடக்கின்றானோ அவ்வாறே இவனும் கிடக்கின்றான். 1974ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளினும் மிக உயர்ந்தமைக்கு இதுவே பெருங்காரணம். மரவள்ளி கிண்டியேனும் உண்ணலாமென்னும் வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. ஆகவே நகரக் குழந்தைகளின் உயிர்ச்சத்துக் குறைவைப் பற்றி நூல்கள் கூறுவன யாவும் இங்கும் பொருந்தும். நகரத்துச் சந்தையின் வசதி மாத்திரம் இங்கில்லை.

குழந்தை பிறந்து ஆறு மாதம்வரை பெரிய இடரில்லை. தாய்ப்பால் மாத்திரம் ஊட்டும் வழக்கம் இலங்கையில் மிகச் சிறப்பாக நிலவுகின்றது. 2016இல் அது நூற்றுக்கு 82 வீதமாயிருந்தது. இடர் அதன்பின்னரே. மகப்பேற்றுச் சட்டம் தாய்க்கு 84 நாள் விடுமுறை அளிக்கின்றது. அது கழிந்ததும் அவள் கூடையெடுத்து மலையேறுகின்றாள். குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகின்றது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்க்குப் பிள்ளைக்காம்பரா உள்ளவிடத்து நாளொன்றுக்கு அரைமணி வீதம் இருமுறை பாலூட்ட இடைவேளை உண்டெனச் சட்டம் கூறும். செங்குத்தான மலையில் தூரத்து நம்பரில் கொழுந்தெடுப்பவள் அவ்வரைமணியில் இறங்கி, ஊட்டி, மீண்டும் ஏறுவது எங்ஙனம்? நாட்பேருக்கு வேண்டிய நிறை குறைந்தால் சம்பளமும் குறையும். எனவே சட்டத்திலுள்ள இடைவேளை மலையிற் சுருங்கிவிடுகின்றது.

ஆறாம் மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள காலமே உடலும் மூளையும் விரைந்து வளரும் காலம். அவ்வயதுக் குழந்தையின் வயிறு அதன் கைப்பிடியளவே. அச்சிறு வயிற்றைத் தேநீரில் ஊறிய ரொட்டித் துண்டு நிரப்பிவிடுகின்றது. கோதுமைமாவில் விற்றமின் ஏ இல்லை, சீ இல்லை. தீட்டும்போது பீ தொகுதியின் பெரும்பகுதியும் தவிட்டோடு போய்விடுகின்றது. பசி தீர்வதாற் பிள்ளை அழுவதில்லை. அழாத பிள்ளைக்குக் குறையிருக்குமென எவரும் ஐயுறுவதில்லை. தாயின் அறியாமை என இதனைக் கூறிவிடுவது எளிது, நீதியன்று. விடியுமுன் எழுந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து, பிரட்டுக்குப் போகவேண்டியவள் பத்து நிமிடத்தில் ஆக்கக்கூடிய உணவு ரொட்டியே. காலையிற் சுட்டது பகலுக்கும் ஆகும், கெட்டுப்போகாது, கையில் கொண்டுசெல்லலாம்.

தேநீரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். உலகெங்கும் புகழ்பெற்ற இப்பானம் முதியோருக்கு நன்று. குழந்தைக்கோ அது இருமுறை கேடு செய்கின்றது. வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்வது ஒன்று. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தாவர உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்வது மற்றொன்று. உணவோடு தேநீர் அருந்தினால் உடலிற் சேரும் இரும்பு பாதிக்கு மேற் குறையலாம். இரும்பு உயிர்ச்சத்தன்றெனினும் இக்குறைவுகள் தனித்தனியே வருவதில்லை. விற்றமின் ஏ குறைந்தவிடத்து உடல் தன்னிடமுள்ள இரும்பையும் செவ்வனே பயன்படுத்த இயலாது. இத்துடன் புழுக்களும் சேருகின்றன. றொக்பெல்லர் மன்றத்தினர் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். அப்புழு வெகுவாகக் குறைந்துள்ளதாயினும், குடற்புழுக்கள் குழந்தை உண்ட சத்தில் தம் பங்கைக் கேட்பன என்பது மாறவில்லை.

வேண்டப்படும் அளவு எவ்வளவு என நோக்கின் வியப்புண்டாகும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 300 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ போதும். கரட்டிலும் கீரையிலும் இருப்பது நேரே அச்சத்தன்று. உடலிற் சென்று அதுவாக மாறும் கரோற்றீன். முன்னர் 6 பங்கு கரோற்றீன் 1 பங்கு விற்றமின் ஏயாக மாறுமெனக் கணித்தனர். 2001இல் அமெரிக்க வல்லுநர் அதனை 12 பங்கெனத் திருத்தினர். இத்திருத்தத்தின்படியும் 40 கிராம் கரட், அதாவது நடுத்தரக் கரட்டொன்றின் பாதி, ஒரு நாளைக்குப் போதுமானது. வீதியோரக் கடைகளிலே நுனி முறிந்ததென்று ஒதுக்கப்படும் கரட்டே எத்தனையோ பிள்ளைகளுக்குப் போதும். ஆனால் இங்கொரு நிபந்தனை உண்டு. கரோற்றீன் கொழுப்பிற் கரைவது. எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேராது அவித்த கரட்டிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. பச்சைக் கரட்டைக் கடிக்கப் பல்லில்லாத குழந்தைக்கு அதனை நன்கு மசித்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தே ஊட்டவேண்டும். பீற்றூட் இலை, நோக்கோல் இலை, பூசணிக் கொழுந்து, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியனவும் இவ்வகையிற் பயன்படும். இவற்றுட் சில விற்பனைக்குமுன் வெட்டி எறியப்படுகின்றன. சில வேலியோரத்திற் கேட்பாரற்று வளர்கின்றன. சிறு பாத்தி போட்டு மரக்கறி வளர்க்கும் குடும்பங்களும் உள. விளைந்ததை உண்பதா விற்பதா என்னும்போது, விற்று மா வாங்குவதே பலருடைய முடிவு. கரட் ஒரு கிலோ அரைநாட் கறி. மா ஒரு கிலோ ஒரு நாள் உணவு. ஏழையின் கணக்கில் பிழையில்லை. கணக்கில் வராத பொருள்தான் பிள்ளைக்கு வேண்டியது.

மலையை விட்டுக் கொழும்புக்குப் பிழைக்கச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் நிலையும் பெரிதும் வேறன்று. ரொட்டிக்குப் பதில் பாணும் பிஸ்கற்றும் வருகின்றன. நெருங்கிய தோட்டவீடுகளில் வெயில் நுழைவது அரிது. வெயிலின்றேல் தோலில் உண்டாகவேண்டிய விற்றமின் டீ குறையும். புகை மண்டிய ஐரோப்பிய நகரங்களிற் பிள்ளைகளின் கால் வளைந்த கதை இதனாலாயதே.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. சோளமும் சோயாவும் உயிர்ச்சத்துக்களும் கலந்த ‘திரிபோஷா’ 1973 முதல் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டு வருகின்றது. ஆறு மாதத்துக்கொருமுறை விற்றமின் ஏ பெருமாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு. இவற்றாற் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீட்டுக்கு வரும் திரிபோஷாப் பொதி ஒரு பிள்ளைக்கென வந்தாலும் நான்கு பிள்ளைகள் இருக்குமிடத்து நான்காகவே பகிரப்படும்; எந்தத் தாயும் ஒன்றுக்கு ஊட்டி மூன்றைப் பார்த்திருக்கச் செய்யாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சோளம் கிடையாது அதன் உற்பத்தியும் தடைப்பட்டது. மாத்திரையோ உண்டபின் சில மாதங்களுக்கே காவல்.

எஞ்சுவது பிள்ளைக்காம்பராவின் அடுப்பு. பகற்பொழுதின் எட்டு மணிநேரம் பிள்ளை இருப்பது அங்கே. தாயின் கை எட்டாத வேளைக்கு எட்டக்கூடியது அங்குள்ளவளின் கையே. பல தோட்டங்களில் இந்நிலையங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் பெயரில் திருத்தப்பட்டு, பயிற்சி பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. பருப்பும் அரிசியும் சேர்ந்த பகற்கஞ்சியில் மசித்த கரட்டோ அரிந்த கீரையோ ஒரு பிடியும், தேங்காயெண்ணெய் ஒரு கரண்டியும் சேர்வதற்கு வேண்டுவது ஒரு பிள்ளைக்கு மிகச் சிறு செலவு. வாரத்துக்கு இருமுறை முட்டையும் நெத்தலித் தூளும் சேருமாயின் இரும்பும் பீ தொகுதியும் கூடக் கிடைக்கும். கஞ்சியோடு தேநீர் கொடாது, ஒரு மணிநேரம் கழித்துக் கொடுத்தல் வேண்டும். அதனினும் நன்று கொய்யாவோ தோடையோ கொடுத்தல், ஏனெனில் அவற்றிலுள்ள விற்றமின் சீ கீரையின் இரும்பை உடலிற் சேர்க்கும். கரட் வாங்கத் தம்புள்ளைக்குப் போகவேண்டியதில்லை. லொறியில் மூடை ஏற்றுமுன் வீதியோரத்தில் ஒதுக்கப்படும் கரட்டை அன்றன்றே வாங்கிவர, அச்செலவைத் தோட்ட நிருவாகம் ஏற்க, பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கு ஒரு கூடையும் காலையில் அரைமணி நேரமும் கிடைத்தாற் போதும்.